பச்சை ஸ்டிக்கர்

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அயூப் பதினான்கு வருடமாகச் சோதனைப் பிரிவில் இருந்தான். சின்னச் சின்னப் பட்டறைகளிலிருந்து பின்னும் புஷ்ஷும் வாஷரும் டிரே டிரேயாக வந்து இறங்கும். ஒவ்வொரு டிரேயிலும் கைவிட்டு ஐந்து எடுப்பான். அளவு பார்க்கும் கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. சரியாக இருந்தால் டிரேயின் மேல் பச்சை ஸ்டிக்கர். தவறென்றால் சிவப்பு. முடிவெடுக்க முடியாததற்கு மஞ்சள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கும்போது விரல்களில் துருத் தடுப்பு எண்ணெயின் நாற்றம் இருக்கும். சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது.

பாகம் இல்லாமல் உற்பத்தி லைன் நின்றுபோகும் நிலை வந்தால் மட்டும் சிவப்புக்கும் ஒரு வழி உண்டு. 'இந்த ஒரு முறை மட்டும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்று மேனேஜர் ஒரு தாளில் எழுதுவார். அதில் அயூபும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் மட்டும் அவன் கையெழுத்து ஓரத்தில், சின்னதாக, யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதுபோல விழும்.

அவன் மனைவி ஷாயிஸ்தா கேம்ப் ரோடு பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். பி.எஸ்ஸி., பி.எட். இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் அந்தப் பள்ளிக்குப் பதினொன்றாம் வகுப்பு வந்தது. கணக்குக்கு வேறு ஆள் கிடைக்காததால் கரஸ்பாண்டெண்ட் சுவிசேஷமுத்து அவளைக் கூப்பிட்டு அந்த வகுப்பைக் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்.

"இப்போதைக்குப் பாரும்மா. ஆனா பேப்பர்ல உன் பேரைப் போட முடியாது. ரெண்டு வருஷத்துல இன்ஸ்பெக்ஷன் வரும். அதுக்குள்ள ஒரு எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு வந்துட்டேன்னா அந்த இடம் உனக்குத்தான். இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துதான் ஆகணும். என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

அவள் தப்பாக நினைக்கவில்லை. ஆறு வருடமாக எட்டாம் வகுப்புக்குப் பரப்பளவும் கன அளவும் சொல்லிக் கொடுத்துச் சலித்துப்போயிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் ஒரு லிமிட் கணக்கை எழுதியதை வீட்டில் வந்து இரண்டு முறை சொன்னாள். கல்லூரியை விட்டுப் பதிமூன்று வருடம் கழித்து அந்தக் குறியை எழுதுகிறாள். அன்று தாள்ச்சாவில் உப்புப் போட மறந்துவிட்டாள். அயூபும் மகள் இஃப்ராவும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவளே ரயிலேறிப் போய், தபால்வழிக் கல்வி நிலையம் ஒன்றிலிருந்து விண்ணப்பம் வாங்கி வந்தாள். பழைய சிவப்புக் கட்டடம், நீண்ட வரிசை, ஒரே ஜன்னல். இரண்டு மணி நேரம் நின்று வாங்கிய அந்தத் தடித்த உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து, பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாவற்றையும் பென்சிலில் எழுதினாள். எந்தப் படிவத்தையும் முதலில் பென்சிலில் எழுதிவிட்டு, தப்பில்லை என்று தெரிந்த பிறகு பேனா வைப்பது அவள் பழக்கம்.

அயூப் உறையை வாங்கிப் புரட்டினான். தாள் மட்டமாக இருந்தது. அச்சு ஒரு பக்கம் மங்கியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை.

"இதுக்கு ஐஎஸ்ஓ இருக்கா?" என்றான்.

"என்னது?"

"ஐஎஸ்ஓ. எங்க கம்பெனிக்கு இருக்குல்ல, அது மாதிரி."

"யூனிவர்சிட்டிக்கு எதுக்குங்க ஐஎஸ்ஓ?"

"வாஷர் பண்றவனுக்கே கேக்குறோம். படிப்பு குடுக்கிறவனுக்கு வேணாமா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கம்பெனிக்கு அந்தத் தரச் சான்றிதழ் வந்த வருடம் ஆறு மாதம் அவன் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு கேஜுக்கும் நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தாள். ஆடிட்டர் வந்து அவன் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தார். நம்பரில்லாத ஒரு பழைய ஸ்கேலைக் கண்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவ்வளவு வாட்டியெடுத்து வாங்கிய ஒன்றில் பொய் இருக்க முடியாது என்பது அவனுக்கு நிச்சயம்.

"ஆன்லைன்லயே இப்ப எம்.எஸ்ஸி. வந்திருச்சாம். வீட்ல இருந்தே படிக்கலாம். நல்லதா ஒன்னு பாத்து எடுப்போம். அவசரப்படாதே."

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் சுகுமாரின் பிரவுசிங் சென்டருக்குப் போனான். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில், மருந்துக் கடைக்கு மேலே, பிளைவுட் தடுத்த ஆறு அறைகள். வாசலில் செருப்புகள். உள்ளே மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும். சுகுமார் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பான்.

"இன்னா சார் தேடுறீங்க? பொண்ணுக்கு மாப்பிள்ளையா?"

"நல்ல யூனிவர்சிட்டி."

"நல்லதுன்னு அடிச்சா நல்லதாவா வரும்? காசு குடுத்தவன்தான் சார் மேல வருவான்."

அதை அயூப் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. கம்பெனியில் பொருள் கொடுக்கும் பட்டறைகளுக்கு வருடா வருடம் மார்க் போடும் தாள் ஒன்று உண்டு. சான்றிதழ்கள் இருக்கின்றனவா, கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, சொன்ன தேதிக்குத் தருவார்களா. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வந்தால் அந்தப் பட்டறை நம்பகமானது. அயூப் அதே தாளை எடுத்துப் பட்டறைகளின் பெயர் வரும் இடத்தில் ஐந்து பல்கலைக்கழகங்களின் பெயர்களை எழுதினான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜையில் விரித்து வைத்து மார்க் போட்டான்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த சேட்டு எட்டிப் பார்த்தான். பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். கிழக்குத் தாம்பரத்துக்காரன்.

"இன்னா அயூப் பாய், காலேஜுக்கே கேஜ் வுட்டுப் பாக்கிறியா?"

"பாக்காம எப்படி சேர்றது?"

"இதுல யாருக்கு எத்தினி?"

"நார்த்மியர் யூனிவர்சிட்டி, தொண்ணூத்திரெண்டு. மெயில் போட்டா பத்து நிமிஷத்துல பதில். போன் முதல் ரிங்ல எடுக்கிறான். ஐஎஸ்ஓ இருக்கு. அதுக்கு மேல ஏதோ ஒரு கவுன்சில் அங்கீகாரம் வேற. பதினாலு மாசத்துல முடிச்சிடலாம்."

"நம்மூரு தபால் படிப்பு?"

"நாப்பத்தியொன்னு. நாலு நாளா போன் பண்றேன், எடுக்க ஆளில்ல. வெப்சைட்டே தொறக்கல."

சேட்டு டிபன் பாக்ஸை வழித்துச் சாப்பிட்டான். "என் மச்சான் ஒர்த்தன் அங்கதான் பட்ச்சான் பாய். ஒரு வர்சம் மார்க்ஷீட்டே வரல. அலைய வுட்டான். பேஜார் புட்ச்ச எடம். ஆனா வந்தப்புறம் யாரும் அத்த இன்னான்னு கேக்கல. ரயில்வேல கீறான் இப்போ."

"அது அவன் அதிர்ஷ்டம்."

"தோ பாரு, போன் எடுக்காதவன் கெட்டவன்னா என் பொண்டாட்டியும் கெட்டவதான்" என்று சொல்லிவிட்டு சேட்டு கை கழுவப் போனான். மேஜையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் அயூப் அந்தத் தாளை ஒரு பைலில் போட்டு, நார்த்மியர் என்ற பெயருக்கு நேரே ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, மனைவியிடம் கொடுத்தான். ஷாயிஸ்தா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காக ஒருத்தர் இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாரே என்று ஒவ்வொரு மார்க்கையும் விரல் வைத்துப் படித்தாள். அவன் தேர்ந்தெடுத்தது சரியா என்ற கேள்வி அப்போது எழவில்லை. எழுந்திருந்தாலும் அந்தத் தாளுக்கு எதிரே அதைக் கேட்டிருக்க மாட்டாள். பைக் வாங்க அவன் வைத்திருந்த பணம் பீஸாகப் போனது.

தபால்வழிக் கல்வியின் உறை அலமாரியில் கிடந்தது. ஆறாம் வகுப்பு டீச்சர் சினேகா, கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறவள், கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடமே ஆனவள். ஸ்டாப் ரூமில் அவளிடம் ஷாயிஸ்தா அதைக் கொடுத்தாள்.

"வீணாப் போகுது. நீ வேணா போடு."

"நீங்க போடலையாக்கா?"

"எனக்கு வேற பாத்துட்டார் அவர்."

"பென்சில்ல எழுதியிருக்கீங்களே."

"அழிச்சா போயிடும்."

சினேகா அங்கேயே உட்கார்ந்து ரப்பரால் அழித்தாள். ஷாயிஸ்தா அழுத்தி எழுதுகிறவள். கரி போன பிறகும் தாளில் பள்ளம் இருந்தது. அதன் மேலேயே சினேகா தன் பெயரைப் பேனாவால் எழுதினாள்.

நார்த்மியரிலிருந்து பாடம் வந்தது. பாடம் என்றால் ஒவ்வொரு மாதமும் பத்துப் பக்கம். அதில் படிக்க அதிகமில்லை. ஷாயிஸ்தா தானாகவே தாம்பரத்தில் பழைய புத்தகக் கடையில் தேடி எம்.எஸ்ஸி. பாடப் புத்தகங்களை வாங்கினாள். விடியற்காலை எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டு, இட்லி வேகும் நேரத்தில் சமையல் மேடையிலேயே ஒரு தேற்றத்தைப் போட்டுப் பார்ப்பாள். பிறகு சனிக்கிழமைகளில் சுகுமாரிடம் உட்கார்ந்து அதை டைப் அடிப்பாள். அந்தக் குறிகளெல்லாம் விசைப்பலகையில் கிடையாது. ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் போட வேண்டும். பள்ளிக்கான வினாத்தாள்களையும் அங்கேயேதான் அடிப்பாள். எல்லாம் ஒரே பிளாப்பியில்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து தெருவுக்குள் வந்தது. பள்ளிக்கு விடுமுறை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அயூப் அரிசியையும் கட்டிலையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது ஷாயிஸ்தா பிளாப்பியை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். நான்காவது பாடத்துக்கான கட்டுரைக்கு அன்று கடைசி நாள். சுகுமாரிடம் கல்லாப்பெட்டி பக்கத்திலிருந்த ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா இந்த மழையில? அவன் என்னா தூக்கிலயா போடப் போறான்?"

"கடைசி நாள் சுகுமார்."

"குடுங்க. யூனிட் நாலு தானே? நானே அனுப்பிடுறேன். நீங்க தலையத் தொடைங்க."

அனுப்பினான். அவள் திரும்பி நடந்து வந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் போய் மெயிலைத் திறந்தாள். மதிப்பீடு வந்திருந்தது. 'ஏ மைனஸ். நுண்ணிய அமைப்புகளைப் பற்றிய தெளிவான புரிதல். சொந்தமான அணுகுமுறை. முடிவுரையை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.' அனுப்பிய கோப்பின் பெயர் கீழே இருந்தது. அவள் அதைத் திறந்தாள்.

அது எட்டாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள். யூனிட் நான்கு. மொத்த மதிப்பெண் இருபத்தைந்து. எழுபது சென்டிமீட்டர் ஆரமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள டிரம் ஒன்றில் எத்தனை லிட்டர் தண்ணீர் கொள்ளும் என்பது அதில் ஆறாவது கேள்வி.

பிளைவுட் தடுப்புக்குள் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். படியேறி வந்த கால்களின் சேறு தரையில் காய்ந்துகொண்டிருந்த வாடை. பக்கத்து அறையில் யாரோ ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுமார் வந்து, "இன்னா மார்க்குக்கா?" என்று கேட்டான். அவள் திரையை மூடினாள்.

வீட்டில் அயூப் பீரோவின் அடியிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

"ரிசல்ட் வந்திச்சா?"

"ம்."

"என்ன?"

"ஏ மைனஸ்."

"மைனஸா?" அவன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "ஏன் மைனஸ்?"

"முடிவுரை பத்தலையாம்."

"பாத்தியா, எவ்வளவு கறாரா பாக்கிறான்னு. அடுத்த தடவை கவனமாப் பண்ணு."

முகத்திலெல்லாம் சேறு. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். அந்த முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அவள் சொல்ல வாயெடுத்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அப்படியே நினைத்தாள்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் அவள் படித்தாள். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த கட்டுரைகளை இன்னும் கவனமாக எழுதினாள். ஒரு நிரூபணத்தில் ஒரு வரி விட்டுப்போனால் எழுந்து போய் மறுபடி டைப் அடித்து அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் அதே ஏ மைனஸ் வந்தது. அவள் சரியாகச் செய்ததற்கும் அதுதான், தண்ணீர் டிரம்முக்கும் அதுதான். வீட்டில் அதிகம் பேசாமலானாள். படிப்புச் சுமை என்று அயூப் நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்.

பட்டம் கூரியரில் வந்தது. தடித்த தாள், தங்க நிற முத்திரை. அயூப் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். விரலால் முத்திரையின் மேடு பள்ளத்தைத் தடவினான். "தாளைப் பாரு. என்னா குவாலிட்டி" என்றான். பிரேம் போட்டு ஹாலில் மாட்டினான். பிரேமின் பின்பக்கம் சின்னதாக ஒரு பச்சை ஸ்டிக்கர். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. சேட்டு குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டு, பிரேமின் முன்னால் நின்று, "டீச்சரம்மா, இனிமே உங்கள நாங்க இன்னான்னு கூப்டணும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஷாயிஸ்தா தாள்ச்சா எடுத்து வர உள்ளே போனாள். வர நேரமாயிற்று.

இரண்டாயிரத்து ஏழு ஜூனில் சுவிசேஷமுத்து பட்டத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"வெளிநாடாம்மா?"

"ஆமா சார். ஆன்லைன்."

"சந்தோஷம். இது நம்ம எம்.எஸ்ஸி.க்குச் சமம்னு ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்திரு. இன்ஸ்பெக்ஷன்ல அதைத்தான் முதல்ல கேப்பான். ஆகஸ்ட்ல வர்றாங்க."

சமநிலைச் சான்று தரும் அலுவலகத்துக்கு அயூப் அன்றே விண்ணப்பித்தான். நோட்டரி கையெழுத்து, மூன்று நகல், எல்லாம் ஒழுங்காகப் பைலில் போட்டு அனுப்பினான். ஐந்தாவது வாரம் பதில் வந்தது. ஒரே ஒரு பத்தி. அந்த நிறுவனம் அது இருப்பதாகச் சொல்லும் நாட்டிலேயே பல்கலைக்கழகமாக அங்கீகரிக்கப்படவில்லை. அதை அங்கீகரித்ததாகச் சொல்லும் கவுன்சிலின் முகவரியும் அந்த நிறுவனத்தின் முகவரியும் ஒன்றே.

அயூப் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மனைவியிடம் காட்டவில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக மேனேஜர் தேவானந்தத்தின் அறைக்குப் போனான். நார்த்மியரின் ஐஎஸ்ஓ சான்றிதழை அச்செடுத்து வைத்திருந்தான்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. இதுவும் பொய்யான்னு தெரியணும்."

தேவானந்தம் வாங்கிப் பார்த்தார். சுகுமாரின் பிரிண்டரில் எடுத்தது. எழுத்துகள் கலங்கியிருந்தன. மேஜை டிராயரிலிருந்து, பின்னில் விரிசல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துத் தாளின் மேல் வைத்துக் குனிந்தார்.

"பொய்யில்ல அயூப். இது உண்மையான ஐஎஸ்ஓதான்."

"அப்புறம் எப்படி சார்?"

"ஸ்கோப் என்ன போட்டிருக்கு பாத்தியா? எதுக்காக இந்தச் சான்றிதழ்னு ஒரு வரி இருக்குமே."

அயூப் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வந்தன. 'சான்றிதழ்களை அச்சிடுதல், உறையிடுதல், அனுப்பிவைத்தல்.'

தேவானந்தம் பூதக்கண்ணாடியை டிராயரில் வைத்து மூடினார். எந்தச் சான்றிதழ் வந்தாலும் முதலில் ஸ்கோப்பைப் படி என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே அயூப்தான்.

"அதை ஒழுங்காத்தான் பண்ணியிருக்கான் சார்" என்றான் அயூப். "நல்லா அச்சடிச்சு, நல்லா உறை போட்டு, சொன்ன தேதிக்கு அனுப்பினான்."

அன்று அவன் சிவப்பு ஸ்டிக்கர் நிறைய ஒட்டினான். சாயங்காலத்துக்குள் லைன் நின்றுபோகும் நிலை வந்துவிட்டது. சேட்டு வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா பாய், இன்னிக்கு எல்லாத்துக்கும் செவப்பா கீது?" என்றவன், முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை ஷாயிஸ்தாவிடம் கொடுத்தான். இஃப்ரா டியூஷனுக்குப் போயிருந்தாள். ஷாயிஸ்தா படித்தாள். படித்து முடித்து, மடித்து, டீ கிளாஸுக்கு அடியில் வைத்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. அயூப் அந்த முகத்தையே பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் டீ கிளாஸைக் கடிதத்தின் நடுவே நகர்த்தி வைத்தாள்.

"ஷாயிஸ்தா. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மழை வந்தப்ப."

"எந்த மழை?"

"வீட்டுக்குள்ள தண்ணி வந்திச்சே, அந்த மழை. சுகுமார் கட்டுரைக்குப் பதிலா எட்டாங்கிளாஸ் கொஸ்டின் பேப்பரை அனுப்பிட்டான். அதுக்குத்தான் அந்த ஏ மைனஸ்."

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை. லாரி நின்று, கூட்டம் கூடி, சண்டை ஒன்று நடந்து முடிந்து, லாரி கிளம்பிப் போகும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பவே சொல்லியிருந்தா வேற எங்கியாவது சேந்திருக்கலாம்" என்றான் கடைசியில். குரல் உயரவில்லை. "ஒன்றரை வருஷம் இருந்திச்சு."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க தொண்ணூத்திரெண்டு போட்டிருந்தீங்க."

"அதுக்கு?"

"நீங்க பச்சை ஒட்டினதை யாராவது திருப்பி அளந்து பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்த வீட்ல அதை யாரு பண்றது?"

அவன் எழுந்து போய் பிரேமைக் கழற்றினான். கழற்றியவனுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, பீரோவுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்தான். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

ஜூலைக் கடைசியில் சினேகாவுக்கு ரிசல்ட் வந்தது. எம்.எஸ்ஸி. இரண்டாம் வகுப்பு. ஸ்டாப் ரூமில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாள். ஷாயிஸ்தாவிடம் வந்தபோது நின்றாள்.

"அக்கா, கரஸ்பாண்டெண்ட் என்னை லெவன்த் எடுக்கச் சொல்றார். நான் கேக்கலக்கா. சத்தியமா நானா போய்க் கேக்கல."

"நீ எதுக்குக் கேக்கணும்? படிச்சிருக்கே."

"அந்த ஃபாரத்தை நீங்கதான் குடுத்தீங்க."

"பேனாவுல எழுதினது நீதானே" என்றாள் ஷாயிஸ்தா. பால்கோவாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கு. எங்க வாங்கினே?"

சுவிசேஷமுத்து அவளைக் கூப்பிட்டு வருத்தம் சொன்னார். அவர் வருத்தம் உண்மையானதுதான். இன்டக்ரேஷன் வரும்போது சினேகாவுக்குக் கொஞ்சம் கூட இருந்து சொல்லிக் கொடுக்க முடியுமா, அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் தடுமாறும் போலிருக்கிறது என்றும் கேட்டார். சரி சார் என்றாள். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு மறுபடியும் அவளுக்கு வந்தது. இஃப்ரா அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

ஆகஸ்டில் இன்ஸ்பெக்ஷன் நடந்து முடிந்தது. பள்ளிக்கு எந்தக் குறையும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் அயூப் வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். இஃப்ரா கணக்குத் தேர்வுத் தாளைக் கொண்டு வந்து நீட்டினாள். பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். வழக்கமாக ஷாயிஸ்தாதான் போடுவாள். கணக்குத் தாளில் மட்டும், திருத்தியவளே கையெழுத்தும் போட்டால் நன்றாக இருக்காது என்று அயூப் போட வேண்டும் என்பது வீட்டு வழக்கம்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. கீழே சிவப்பு மையில் 'வெரி குட்.'

"பலே" என்றான் அயூப். "முழு மார்க்கா!"

இஃப்ரா சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் நெருங்கி நின்று, குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தா, ஆறாவது கணக்கு தப்பு."

"எது?"

"டிரம் கணக்கு. வெளிய வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சிச்சு."

அவன் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டு போனான். ஆரம் எழுபது சென்டிமீட்டர். உயரம் ஒரு மீட்டர். மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றாமல், பை மதிப்போடு எழுபதையும் எழுபதையும் ஒன்றையும் அப்படியே பெருக்கி, பதினைந்தாயிரத்து நானூறு லிட்டர் என்று எழுதியிருந்தாள். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பதுதான் வர வேண்டும். அளவுகளோடே வாழ்கிறவனுக்கு அதைப் பார்க்க ஒரு நொடி போதும்.

"தண்ணி லாரியிலயே பன்னெண்டாயிரம்தானே கொள்ளும்" என்றாள் இஃப்ரா. "ஆனா அம்மா ரைட் போட்டிருக்காங்க."

"கவனிச்சிருக்க மாட்டாங்க. பொண்ணுன்னு..."

"இல்லத்தா. எல்லாருக்கும் ரைட்தான். ரேவதிக்கு ரெண்டு கணக்கு தப்பு, அவளுக்கும் இருபத்தஞ்சு. முழு கிளாஸுக்கும் வெரி குட்."

அயூப் சமையலறையைப் பார்த்தான். ஷாயிஸ்தா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டவ்வின் முன்னால் நின்றிருந்தாள். கரண்டி நின்றிருந்தது. அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. பால் பொங்கி விளிம்புக்கு வந்ததும் அடுப்பைக் குறைத்தாள்.

"சொல்லவாத்தா அம்மாகிட்ட?"

"வேணாம்."

மேஜையின் மேலிருந்து பேனாவை எடுத்தான். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டான். கையெழுத்துக்காக விட்டிருந்த கோடு நீளமாக இருந்தது. அதன் ஓரத்தில், மூலையில், சின்னதாகப் போட்டான்.